ஆறாவது துளை

புதன்கிழமை சாயங்காலம் அம்மாவும் மகளும் சேர்ந்து ஹாலில் இருந்த மின்விசிறியைத் துடைத்தார்கள். மகள் ஸ்டூல் மேல் நின்றாள். அம்மா ஸ்டூலின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். எழுபத்தொரு வயதில் அவள் பிடித்துத்தான் ஸ்டூல் நிற்க வேண்டும் என்றில்லை. ஆனால் பிடித்துக்கொண்டு நின்றால்தான் கீழேயிருந்து அதிகாரம் பண்ண வசதி.

"ஓரத்துல பாரு. ஓரத்துலதான் அழுக்கு."

"பாத்தாச்சும்மா."

"பாத்தா போயிடுமா? துடை. இன்ஜினியர்னு பேரு, ஒரு றெக்கைக்கு அரை மணி நேரம்."

"நீ ஸ்டூல ஆட்டாம இருந்தா பத்து நிமிஷம்."

"நான் எங்க ஆட்டறேன்? உன் வெயிட்டு ஆட்டுது."

முடிந்ததும் அம்மாதான் சுவிட்சைப் போட்டாள். "இப்பதான் காத்தே வருது" என்றாள். முன்பும் அதே காற்றுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவுக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. பன்னிரண்டு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மா ஒரு பம்புத் தொழிற்சாலையின் வரைபட அறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவள். அறையில் நாற்பதாயிரம் படங்கள். மேசை அகலத்துக்குத் தட்டையான இழுப்பறைகள் கொண்ட இரும்பு அலமாரிகள், சுவர் முழுக்க. நகல் எடுக்கும் இயந்திரத்தின் அமோனியா நெடி அவள் புடவையில் ஏறி வீடு வரைக்கும் வரும். அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அது வெளியே பார்ப்பதற்கு அல்ல, படம் கொடுப்பதற்கு. யாராவது ஜன்னலில் நின்று ஒரு எண்ணைச் சொன்னால், அம்மா எழுந்து நடந்துபோய், யோசிக்காமல் ஒரு இழுப்பறையில் கைவைத்து அந்தத் தாளை எடுத்து வருவாள். வீட்டில் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே இருப்பாள்.

வேலையின் விதிகள் எளியவை. மூலப்படம் அறையை விட்டு நகராது. பட்டறைக்கு நகல் போகும். வேலை முடிந்ததும் நகல் திரும்பி வர வேண்டும், வந்ததும் கிழித்துவிட வேண்டும். படத்தில் ஒரு கோட்டை மாற்றுவதென்றால் ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். பட்டறை ஆட்கள் நகலின் முன்னும் பின்னும் பென்சிலால் ஏதாவது எழுதிவைப்பார்கள். அதற்கு மதிப்பு கிடையாது. பதிவேட்டில் ஏறியதுதான் படம். மற்றது கிறுக்கல்.

அந்தக் காலத்தில் கம்பெனி தனக்கு வேண்டியதையெல்லாம் தானே செய்துகொண்டது. இரும்பு உருக்குவது, மரப்பெட்டி அடிப்பது, பெயிண்ட் கலப்பது, விலைப்பட்டியல் அச்சடிப்பது, வேலையாட்களுக்குச் சட்டை தைப்பது எல்லாம் காம்பவுண்டுச் சுவருக்குள்ளேயே நடந்தன. வெளியே கொடுத்தால் நேரத்துக்கு வராது, வந்தாலும் அளவு இருக்காது என்று முதலாளி நினைத்தார். தப்பில்லை. ஊரில் அப்போது இருந்த சின்னப் பட்டறைகளில் நல்ல அளவுகருவி இருந்ததே அபூர்வம். கம்பெனி எதையும் வெளியே கொடுக்காததால் பட்டறைகள் வளரவில்லை. பட்டறைகள் வளராததால் கம்பெனி மேலும் மேலும் பருத்தது. ஒரு கட்டத்தில் அதற்குச் சொந்தமாகத் தீயணைப்பு வண்டிகூட இருந்தது. ஒரு தடவையும் தீப்பிடிக்காததால் டிரைவருக்கு வண்டியைக் கழுவுவதுதான் வேலை.

அம்மா சேர்ந்த மூன்றாம் வருடம் அவளுடைய தம்பி, மகளுக்கு மாமா, துளை போடும் டிரில்லிங் செக்‌ஷனில் சேர்ந்தார். அம்மாவின் சிபாரிசு. அம்மாவைவிட ஐந்து வயது இளையவர், பேச்சில் பதினைந்து வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். சாப்பாட்டோடு ஒரு கம்பெனிக் கதையும் வரும். மகள் நினைவு தெரிந்த நாளிலிருந்து அதிகம் கேட்ட கதை ஆறாவது துளையின் கதை.

"பம்பு பாடி மேல மூடி உக்காரணும், ஆறு போல்ட்டு" என்று மாமா தட்டில் விரலால் வரைந்து காட்டுவார். "ஓட்ட சரியான இடத்துல விழறதுக்கு மேல ஒரு சட்டம் வெப்போம், ஜிக்குன்னு பேரு. அதுல ஆறாவது வழி தேஞ்சு போய் ரிப்பேருக்குப் போச்சு. திரும்பி வந்தது ஒன்றரை மில்லி தள்ளி வந்துச்சு. ஒருத்தனும் பாக்கல. ரெண்டாயிரம் பாடி ஓட்டிட்டோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரெண்டாயிரம் பாடிய தூக்கிப் போட முடியுமா? மூடியையும் கோணலாக்கிட்டோம்."

"அடுத்த பாடிலேர்ந்து சரி பண்ணிருக்கலாமே?"

"பண்ணினா பழைய பம்புக்கு மாத்து மூடி எங்கேர்ந்து வரும்? ரெண்டு தினுசு மூடி வெச்சுக்கணும். பாப்பா, தப்பு ஒரு தடவ பண்ணினா திருத்தலாம். ரெண்டாயிரம் தடவ பண்ணினா அது மாடல்."

அம்மா சிரிக்க மாட்டாள். "படத்துல நேராத்தான் இருக்கு" என்பாள்.

"படத்துல இருக்கும். உன் படத்த வெச்சு தண்ணி இறைக்க முடியுமா?"

படம் மாறவில்லை. மாற்றச் சொல்லிப் போர்மேன் ஒருமுறை கேட்டாராம். ஏழு கையெழுத்தில் முதல் கையெழுத்துப் போடுகிறவர்தான் தப்பு நடந்ததை ஒப்புக்கொண்டவர் ஆவார். அதனால் அடுத்த திருத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பதின்மூன்று வருடம் காகிதத்தில் துளை நேராகவும் இரும்பில் கோணலாகவும் இருந்தது. யாருக்கும் கஷ்டமில்லை. மூடி அடிப்பவனும் பாடி அடிப்பவனும் ஒரே கூரையின் கீழே, நான்கு மெஷின் தள்ளி நின்றார்கள். புதிதாக வந்தவனுக்குப் பக்கத்து மெஷின்காரன் சொல்லிக்கொடுத்துவிடுவான்.

மகளுக்குப் பதினாறு வயதானபோது கம்பெனி ஒரு மோட்டார் கம்பெனியோடு சேர்ந்தது. மேலே புது ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் எல்லாரையும் கேன்டீனில் கூட்டிவைத்து, "நாம பம்பு விக்கிறவங்க. மூடிக்கு ஓட்ட போடறவங்க இல்ல" என்றார்.

"பதினாறு வருஷமா ஓட்ட போட்டவன முன்னாடி நிக்க வெச்சே சொல்றான்கா" என்றார் மாமா அந்த ஞாயிற்றுக்கிழமை. கோபமாகத் தெரியவில்லை. விஷயம் இருந்தது. வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு அவர்கள் ஓட்டிய மெஷினையே கம்பெனி வாடகைக்குக் கொடுக்கும், ஆர்டரும் கொடுக்கும். சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஷெட்டை மாமா பார்த்து வைத்திருந்தார்.

நாற்பது அடி சாலை. அதே இரண்டு மெஷின், அதே மூடி, அதே மாமா. முன்பு போர்மேன் போட்ட சத்தத்தின் இடத்தில் இப்போது பதினான்கு பக்க ஒப்பந்தம். கம்பெனியின் கணக்கில் அவர் ஆள் இல்லை, வெளியிலிருந்து சரக்கு செய்து தரும் வெண்டார் ஆகிவிட்டார்.

அம்மாவையும் ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வெண்டாராக இருக்கும் உறவினரோடு கம்பெனி விஷயம் எதையும் பேசமாட்டேன், சந்தேகம் எல்லாம் எழுத்து மூலமாகத்தான் வர வேண்டும் என்று. அம்மா இரண்டு முறை படித்துவிட்டுப் போட்டாள். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் வேறு சம்பளம் இல்லை.

மூடியின் படத்தை வாங்க மாமா ஜன்னலுக்கு வந்தார்.

"மேடம், எங்க கையெழுத்து?"

"அக்காவ மேடம்ங்கறியா?"

"அந்தப் பக்கம் இருந்தவரைக்கும் அக்கா. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மேடம்தான்."

"வாய் மட்டும் மாறல. கீழ போடு."

அம்மா கொடுத்தது சுத்தமான நகல். வெளியாளுக்கு மூலப்படத்திலிருந்து எடுத்த சுத்தமான நகல்தான் போக வேண்டும், அதுவும் விதி. அதில் ஆறு துளையும் நேராக இருந்தன.

இங்கேதான் இரண்டு பேரும் ஒவ்வொன்று நினைத்தார்கள். இவனுக்குத் தெரியாத கோணலா, பதின்மூன்று வருடம் இவனே போட்டதுதானே என்று அம்மா நினைத்தாள். புது ஆட்கள் வந்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணுகிறார்கள், படம் இப்படி வருகிறதென்றால் உள்ளே பாடியையும் நிமிர்த்திவிட்டார்களோ என்று மாமா நினைத்தார். நிச்சயமாகத் தெரியவில்லை. பக்கத்து மெஷின்காரனைக் கேட்கலாம் என்றால் பக்கத்து மெஷினும் அவருடையதே. வெண்டாரை ஜன்னலைத் தாண்டிப் பட்டறைக்குள் விடமாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் பரிமாறிக்கொண்டிருந்தாள். மாமா முதல் கவளத்தைக் கையில் எடுத்தவர், வாயில் போடவில்லை.

"அக்கா, அந்த ஆறாவது…"

அம்மா கையை உயர்த்தினாள். "ஆபீஸ் பேச்சு இங்க வேணாம்."

"இல்லக்கா, ஒரே ஒரு வார்த்த…"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்டா. எழுதிக் கேளு."

"எழுதிக் கேட்டா பதில் வர மூணு வாரம். டெலிவரி ரெண்டு வாரத்துல."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? சாப்பிடு, ஆறுது."

மாமா சாப்பிட்டார். மோரையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். திங்கட்கிழமை படத்தில் உள்ளபடி துளை போட ஆரம்பித்தார். எண்ணூறு மூடி.

எண்ணூறும் திரும்பி வந்தன. இன்ஸ்பெக்‌ஷனில் பாடியின் மேல் வைத்துப் பார்த்தார்கள், ஆறாவது போல்ட்டு இறங்கவில்லை. மாமா படத்தை விரித்துக் காட்டினார். "படப்படிதான சார் இருக்கு?" "படப்படி இருக்கு. பம்புல உக்காரலையே" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் புதியவர். பழைய போர்மேன் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். மறுபடியும் துளை போட வழியில்லை. ஒன்றரை மில்லி தள்ளிப் போட்டால் பழைய துளையோடு சேர்ந்து முட்டை வடிவம் ஆகும், தண்ணீர் ஒழுகும். ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பக்கத்தில், பொருத்தம் வெண்டாரின் பொறுப்பு என்று இருந்தது.

பர்சேஸ் அதிகாரி ஒருவர் மட்டும் சந்தேகப்பட்டு அம்மாவின் ஜன்னலுக்கு வந்தாராம். அன்று சாயங்காலம் அம்மா அதை மகளிடம் சொன்னாள், துணி மடித்துக்கொண்டே.

"இந்தப் படத்துக்கு வேற ஏதாவது திருத்தம் இருக்கான்னு கேட்டாரு. பதிவுல இல்ல சார்னு சொன்னேன்." பிறகு, "பதிவுல இல்லதானே?" என்றாள்.

பதிலுக்குக் காத்திராமல் அடுத்த துணியை எடுத்தாள்.

வெண்டார் பட்டியலிலிருந்து மாமாவின் பெயரை அடித்தார்கள். மெஷின்கள் சாலையைத் தாண்டி உள்ளே போயின. ஒரு வருடம் கழித்து மாமாவும் உள்ளே போனார், ஒரு லேபர் கான்ட்ராக்டரின் ஆளாக. நிரந்தர ஆட்களுக்கு நீல அட்டை, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள். மஞ்சள் அட்டைக்காரர்களுக்குக் கேன்டீனில் தனி வரிசை. அதே டிரில்லிங் செக்‌ஷன், அதே மெஷின். மூடிக்கு ஆறாவது துளையை மறுபடியும் கோணலாகப் போட்டார். அப்போதும் படம் நேராகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நிற்கவில்லை. சண்டை வந்திருந்தால் நின்றிருக்கும். மாமா வந்தார், சாப்பிட்டார், மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார், கிரிக்கெட் பேசினார். கம்பெனிக் கதை மட்டும் வரவில்லை. ஆறாவது துளை என்று அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்ததில்லை. வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறை ஆகி, பிற்பாடு மாமா வேலையை விட்டு இரண்டு மணி நேரத் தூரத்தில் வேறு ஊருக்குக் குடிபோனதும் போன் பேச்சாகச் சுருங்கியது. "நல்லாருக்கியா?" "இருக்கேன், நீ?"

இதற்கிடையே கம்பெனி இன்னும் இரண்டு கை மாறியது. அம்மாவின் சம்பளச் சீட்டில் தலைப்பு மாறிக்கொண்டே இருந்தது. நாற்காலி மாறவில்லை. அவளுடைய ஐம்பதாவது வயதில், ஆவணம் காப்பது நம் வேலை இல்லை என்று மேலே யாரோ கண்டுபிடித்தார்கள். வரைபட அறையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள், அம்மாவோடு சேர்த்து. திங்கட்கிழமை அதே நாற்காலியில் மஞ்சள் அட்டையோடு உட்கார்ந்தாள். கேன்டீனில் மாமா தட்டோடு எதிரே வந்தாராம்.

"வா மேடம், நம்ம லைனுக்கு."

"மேடம்னா அடி வாங்குவ."

"இனிமே அக்கான்னு கூப்பிடலாம்ல? ஒரே பக்கம் வந்தாச்சு."

இதை அம்மா வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

ஐம்பத்தெட்டில் ஓய்வு. அதற்கு முந்தைய வருடம் எல்லாப் படங்களையும் ஸ்கேன் செய்தார்கள். முன்பக்கத்தை மட்டும். ஸ்கேன் ஆனதும் தாள்கள் லாரியில் ஏறிக் கூழாக்கப் போயின. நாற்பதாயிரமும் போன அன்று அம்மா சீக்கிரமே வீட்டுக்கு வந்து குளித்தாள்.

மகள் கட்டடங்களுக்குத் தண்ணீர்க் குழாய் அமைப்பு வடிவமைக்கும் நிறுவனத்தில் இருக்கிறாள். அம்மா இறப்பதற்குப் பத்து நாள் முன்பு ஒரு கட்டடத்துக்காகப் பம்பு தேர்ந்தெடுக்கும்போது, அந்தக் கம்பெனியை இப்போது வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தின் படம் ஒன்று அவள் திரையில் வந்தது. மூடி. ஆறு துளை. ஆறாவது ஒன்றரை மில்லி தள்ளி. பக்கத்தில் குறிப்பு: மூடியைத் தவறான திசையில் பொருத்துவதைத் தடுக்க. தப்பு எங்கேயோ ஏறி, யாரோ ஒரு காரணம் கண்டுபிடித்து, வடிவமைப்பு ஆகிவிட்டிருந்தது. மகளுக்குச் சிரிப்பு வந்தது. சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா சிரிக்கவில்லை. "என்ன எழுதியிருக்கு? திரும்பச் சொல்லு."

சொன்னாள்.

"கையெழுத்து?"

"இப்பல்லாம் கையெழுத்து ஏதும்மா? ஒப்புதல் கொடுத்தவங்க பேரு வரிசையா இருக்கு."

"எத்தன பேரு?"

மகள் போனில் எண்ணிப் பார்த்தாள். "ஏழு."

"அப்ப பதிவுல ஏறிடுச்சு" என்றாள் அம்மா. எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். அவ்வளவுதான் பேச்சு.

மாமா வெள்ளிக்கிழமை மதியமே வந்து சேர்ந்தார். எல்லாம் முடியும்வரை ஆகவேண்டியதைப் பார்த்தார், யாரையும் வேலை ஏவவில்லை. நான்காம் நாள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க மாமா."

"போன வாரம் அக்கா போன் பண்ணா. ஞாயித்துக்கிழம வரேன், ஆபீஸ் விஷயம் பேசணும்னா. ஆபீஸ விட்டு பதிமூணு வருஷமாச்சு, இப்ப என்னக்கா ஆபீஸ் விஷயம்னேன். நேர்ல சொல்றேன்டான்னு வெச்சுட்டா. உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"இல்ல மாமா."

"பரவால்ல. பெரிசா இருந்திருக்காது." பையைத் தோளில் மாற்றினார். "வீட்ட சுத்தம் பண்ணி வெச்சேன், அவ வரான்னு. இல்லாட்டி அதுக்கும் பேச்சு வாங்கணும்."

மறுநாள் மகள் அம்மாவின் கட்டிலை ஒழுங்கு செய்தாள். மெத்தையைத் தூக்கியபோது பலகையின் மேல் ஒரு தாள் இருந்தது. கட்டில் அகலத்துக்கு, மடிப்பே இல்லாமல். மூடியின் நகல். லாரியில் போகாத ஒரே தாள். பதினான்கு வருடம் அதன் மேல்தான் அம்மா படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

முன்பக்கத்தில் ஆறு துளையும் நேராக இருந்தன. பின்பக்கம் பென்சிலில், போர்மேன் கையெழுத்தில்: 6-ஆம் துளை 1.5 மி.மீ. இடப்பக்கம். பாடி இப்படித்தான் ஓடுகிறது. வரைபட அறை கவனத்துக்கு. அடுத்த திருத்தத்தில் சேர்க்கவும். கீழே தேதி. மாமாவின் எண்ணூறு மூடிக்குப் பதின்மூன்று வருடம் முந்தைய தேதி. பர்சேஸ் அதிகாரி ஜன்னலில் நின்று கேட்ட அன்று இந்தத் தாள் கிழிபடாமல், அம்மாவின் கைக்கெட்டும் ஏதோ ஒரு இழுப்பறையில் இருந்திருக்கிறது.

தாளின் மூலையில் ஒரு துண்டுச் சீட்டைக் குண்டூசியால் குத்தியிருந்தாள். கடைக்குப் போவதானாலும் வங்கிக்குப் போவதானாலும் அம்மா சீட்டு எழுதுவாள், முடித்ததை ஒவ்வொன்றாக அடிப்பாள். இதில் நான்கு வரி.

ஞாயிறு, தம்பி வீடு, காலை ஏழரை பஸ்.

தாளைச் சுருட்டணும், மடிக்கக் கூடாது.

பின்பக்கத்தை முதலில் காட்டணும்.

அவன் பேசி முடிக்கிறவரைக்கும் குறுக்கே பேசக் கூடாது.

எதுவும் அடிக்கப்படவில்லை.